தான்சானியாவுக்கு நேரே ஒரு கோடு

மலர் என்ன வேலை பார்க்கிறாள் என்று பெங்களூர் மர்பி டவுனில் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. அவள் அம்மா ஆரோக்கியமேரிக்கே அரைகுறைதான். "எந்தெந்த நாட்டுல இன்டர்நெட்டு இன்னா விலைன்னு கேட்டு கணக்குப் போடுற வேலை. மல்லேஸ்வரத்துல ஆபீசு" என்று பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது சொல்லுவாள். இதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

கொடுத்தார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனம் கேட்டது. மல்லேஸ்வரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, நாலு மேஜையும் ஒரு காபி ஃபிளாஸ்குமாக இருந்த சின்ன ஆராய்ச்சி அலுவலகம் அதைச் செய்து கொடுத்தது. அது 2004-ஆம் வருஷம். நாற்பது நாடுகளில் ஜனங்கள் இன்டர்நெட்டுக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று ஒரே அட்டவணையில் போட வேண்டும். வெறும் விலையைப் போட்டால் போதாது என்பதில்தான் வேலையே இருந்தது.

முதலாளி பாலசுப்ரமணியன் அதை இட்லியை வைத்து விளக்கினார். அவர் எதையும் இட்லியை வைத்துத்தான் விளக்குவார். "ரெண்டு கடையிலயும் இட்லி மூணு ரூபான்னு போர்டு. ஒருத்தன் இட்லி உள்ளங்கை அகலம். இன்னொருத்தன் இட்லி எட்டணா காசு அகலம், அதுவும் பாதி நாள் கடை திறக்கறதே இல்லை. ரெண்டும் ஒரே விலையா? சொல்லுங்கோ மலர்."

"இல்ல சார்."

"அவ்வளவுதான் நம்ம தொழில்."

ஆக, வேகம் எவ்வளவு, நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது, எத்தனை தடவை அறுந்து போகிறது, எல்லாவற்றையும் அளந்து தரத்துக்கு ஒரு மதிப்புப் போட வேண்டும். விலையை அந்தத் தரத்தால் வகுக்க வேண்டும். வகுத்ததும் அட்டவணை தலைகீழாகும். மலிவு என்று மார் தட்டிய நாடு கடைசியில் போய் உட்காரும். காசைக் கறக்கிறான் என்று நினைத்த நாடு முன்னால் வரும். மலருக்கு இந்த வேடிக்கை ரொம்பவும் பிடித்துப் போயிற்று. போர்டில் போட்ட விலையை நம்பாதே என்பதுதான் அந்த வேலையின் அரிச்சுவடி. நாற்பது நாடுகளிலும் அதை அவள் விடாமல் பார்த்தாள். சொந்த வீட்டில் மட்டும் பார்க்கத் தவறினாள். அந்த வருத்தம் அவளை இன்றைக்கும் விட்டபாடில்லை.

நாற்பதில் ஒன்று தான்சானியா. அங்கே அவளுடைய அண்ணன் தாஸ் இருந்தான்.

அவர்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து, நுரையீரலில் கல்தூசியோடு செத்துப் போனார். தாஸ் அதே சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அம்மாவும் மலரும் பெங்களூருக்கு வந்து மர்பி டவுனில் ஒன்றரை அறை வீட்டில் குடியேறினார்கள். தாஸுக்கு மண்ணுக்கு மேலே எந்த வேலையும் ஒட்டவில்லை. ஒரு காண்டிராக்டர் மூலமாக தான்சானியாவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்குப் போனான். மூன்று வருஷ ஒப்பந்தம். முடித்துவிட்டு வந்தால் டிக்கெட் காண்டிராக்டர் செலவு. நடுவில் வந்து போவதென்றால் கைக்காசு.

முதல் மாதமே அம்மா அவனிடம் கேட்டாள். தெருமுனையில் நாகேஷ் நடத்திய பிரவுசிங் சென்டரில், காதில் மாட்டிய கருவியைக் கையால் பிடித்துக்கொண்டு, ஆப்பிரிக்காவுக்குக் கேட்கட்டும் என்று கத்தினாள். "டேய், இப்டி மூஞ்சி காட்டிப் பேசறதுக்கு அங்க உனக்கு இன்னா செலவு?"

"செலவெல்லாம் இல்லம்மா. கம்பெனி குடுக்குது" என்றான் தாஸ்.

வேறு யாரிடமாவது இப்படிச் சொல்லியிருந்தால், எந்தக் கம்பெனி, எதற்காகக் கொடுக்கிறது என்று குடைந்திருப்பார்கள். தங்கவயல் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றாது. அங்கே வீடு கம்பெனி வீடு, கரண்டு கம்பெனிக் கரண்டு, தண்ணீர் கம்பெனித் தண்ணீர். மலர் பிறந்தது கம்பெனி ஆஸ்பத்திரியில். அப்பாவின் சவப்பெட்டிக்கு மரம் கொடுத்ததும் கம்பெனிதான். சுரங்கம் என்று ஒன்று இருந்தால் அது கொடுக்கும். அம்மா தலையாட்டினாள். மலரும் தலையாட்டினாள்.

அட்டவணை வேலை வந்தபோது மலர் அண்ணனையே அங்கத்து ஆளாக ஆக்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் முதல் பாதி அவளுடைய பரீட்சைக்குப் போயிற்று. "அண்ணா, இந்தப் பக்கத்தைத் தொற. முழுசா வர எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாரு." அவன் பொறுமையாகப் பார்த்துச் சொல்லுவான். நடுவில் ஒருநாள் சொன்னான், "சீக்கிரம் கேளு மலரு, பத்து நிமிஷந்தான் உக்காருவேன்." ஓய்வு நாளில் அப்படி என்ன அவசரமோ என்று அவளுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது.

தரத்துக்கு எண்கள் கிடைத்துவிட்டன. சாட்டிலைட் வழியாக வரும் இணைப்பு, ஆமை வேகம், அடிக்கடி அறுந்தும் போகும். விலைக்கட்டத்தில் மலர் பூஜ்யம் போட்டாள். பூஜ்யத்தை எதனால் வகுத்தாலும் பூஜ்யம்தானே. உலகத்திலேயே மலிவான இன்டர்நெட் தான்சானியாவில் என்று அட்டவணை சொல்லிற்று.

பாலசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "முதல்ல இருந்த கொரியாவையே தூக்கிச் சாப்பிட்டுடுத்தே!"

"எங்க அண்ணன் அங்கதான் சார் இருக்காரு. கம்பெனி ஃப்ரீயா குடுக்குது."

"விலையில்லாத சர்வீஸ்னு ஒண்ணு கிடையாதும்மா. யாரோ ஒருத்தர் கொடுத்துண்டிருக்கா. யாருன்னு அண்ணாகிட்ட கேளுங்கோ."

மலருக்குச் சுருக்கென்றது. மல்லேஸ்வரத்தில் ஃபில்டர் காபி குடித்து வளர்ந்தவருக்குச் சுரங்கத்தைப் பற்றி என்ன தெரியும்? "எங்க ஊர்லயும் எல்லாமே கம்பெனிதான் சார் குடுத்துச்சு" என்றாள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவர் வாதாடவில்லை. பூஜ்யத்தை அழித்துவிட்டு, தான்சானியாவுக்கு நேரே ஒரு சிறு கோடு போட்டார். விவரம் இல்லை என்று அர்த்தம். அறிக்கை அப்படியே போயிற்று. அண்ணனிடம் கேட்கச் சொன்னதை மலர் கேட்கவே இல்லை. கேட்டால் முதலாளி ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு.

ஜூன் மாதம் அம்மா குழம்புச் சட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் வைத்தாள். அது கீழே விழுந்து உடைந்தது. அதற்கு முன்னாலும் இரண்டு மூன்று தடவை வாசற்படியில் இடித்துக்கொண்டிருந்தாள். கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது, மிச்சமும் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றார். சொட்டு மருந்து எழுதினார். எவ்வளவு நாள் தாக்குப் பிடிக்கும் என்று மலர் கேட்டாள். மருந்து விடுங்கள், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். பார்வை போகிறவளை வைத்துக்கொண்டு, பார்க்கலாம் என்பதற்குப் பதிலாக அந்த டாக்டர் வேறு ஏதாவது சொல் சொல்லியிருக்கலாம்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார்கள். அல்சூர் ஏரி தாண்டியதும் அம்மா சொன்னாள்.

"தாஸ்கிட்ட மூச்சு விடாதே."

"அண்ணனுக்குச் சொல்லாம எப்டிம்மா?"

"ஷிஃப்டுக்குப் போறவன்கிட்ட கெட்ட சேதி சொல்லக் கூடாதுடி. உனக்குத் தெரியாதா?"

தெரியும். லைன் வீடுகளில் அது சட்டம். வீட்டில் யார் செத்தாலும் சரி, கூண்டு லிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கப் போகிற ஆளிடம் சொல்ல மாட்டார்கள். மேலே ஏறி வந்து, கை கால் கழுவி, டீ குடித்த பிறகுதான் சொல்வார்கள். மனசு வேறெங்கோ இருக்கிறவன் பூமிக்கடியில் கை வைக்கும் இடத்தைத் தவற விடுவான். அதுவும் தாஸ் மின்சாரத்தில் கை வைக்கிறவன். "கிறிஸ்மஸுக்குத்தான் வர்றேன்னு சொல்லியிருக்கான் இல்ல. அப்ப வந்து பாத்துக்கட்டும்" என்றாள் அம்மா. "அதுவரைக்கும் எனக்கு அவன் மூஞ்சியக் காட்டு. பாக்குறவரைக்கும் பாத்துக்கறேன்."

அம்மா கேட்டது அவ்வளவுதான். கண் அணைவதற்குள் மகன் முகத்தை ஆசை தீரப் பார்க்க வேண்டும்.

மலர் தன் தொழிலில் கற்றுக்கொண்ட புத்தியை இங்கே காட்டினாள். நாகேஷ் கடைத் திரையில் தெரிகிற படம் படுமோசம், நேரில் பார்ப்பதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் என்ன, ஆறு மடங்கு நேரம் பார்த்தால் சரிக்கட்டிவிடலாம். தரம் குறைந்தால் அளவைக் கூட்டு. கணக்கு எவ்வளவு சுத்தமாக வந்தது பாருங்கள்!

அடுத்த ஞாயிறு தாஸிடம் சொன்னாள், "அண்ணா, இனிமே பத்து நிமிஷமெல்லாம் வேணாம். ஒரு மணி நேரம் உக்காரு. அம்மா உன்னப் பாக்கணும்கறாங்க."

"ஒரு மணி நேரமா? வேற ஆளுங்களும் காத்துகினு இருப்பாங்க மலரு."

"பெத்த தாய்க்கு ஒரு மணி நேரம் ஒதுக்க உனக்கு வலிக்குதா? ஓசியிலதானே கிடைக்குது? காசு போட்டு வாங்குறா மாதிரி கணக்குப் பாக்குறியே!"

திரையில் தாஸின் முகம் அசையாமல் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து மலர் நாகேஷைக் கூப்பிடப் போனாள். அப்போது குரல் வந்தது. "சரி. உக்கார்றேன்."

அது இணைப்பு அறுந்த நேரமில்லை. அவன் பேச்சற்று உட்கார்ந்திருந்த நேரம். உலகத்தில் எங்கெங்கோ இணைப்பு அறுவதை அளந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அவன் தவறவில்லை. சாயங்காலமானால் அம்மா நல்ல புடவை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துக் கிளம்புவாள். "பன்னி அம்மா, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரச் சொல்லி நாகேஷ் நாற்காலியை இழுத்துப் போடுவான். அவனுக்கும் கண் விஷயம் தெரியும். மூலையிலிருந்த பெரிய திரையை அவளுக்கென்றே ஒதுக்கி வைத்தான். அம்மா திரையின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போவாள். பார்வை ஒரு சின்ன வட்டமாகச் சுருங்கிப் போயிருந்தது. அந்த வட்டத்தை மகன் முகத்தின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பாள்.

"இவன் இன்னா, தாடி வச்சிருக்கானா?"

"இல்லம்மா, படம் தெளிவா இல்ல. நிழலு."

"பல்லு ஏன் இல்ல?"

தாஸ் சிரிப்பான். அந்தச் சிரிப்பு தாமதமாக, வாய் வேறு குரல் வேறாக வந்து சேரும். முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடையும். ஒரு கட்டத்தில் கண், ஒரு கட்டத்தில் பாதி மூக்கு. பேச விஷயம் தீர்ந்த பிறகும் அம்மா எழுந்திருக்க மாட்டாள். "நீ சும்மா உக்காரு, பேசாத. நான் பாத்துகினு இருக்கேன்" என்பாள். அவனும் அப்படியே உட்கார்ந்திருப்பான். பார்க்கப் பார்க்க மலருக்கு நிறைவாக இருந்தது. நல்ல காரியம் செய்கிறோம் என்று மனசார நம்பினாள்.

டிசம்பர் முதல் வாரம் தாஸ் சொன்னான், "கிறிஸ்மஸுக்கு வர முடியலம்மா. லீவு குடுக்கல."

அம்மா திரைக்கு இன்னும் கிட்டே போனாள். மலர்தான் கொதித்தாள். லீவு தராமல் என்ன கம்பெனி, சண்டை போட்டுக் கேட்க வேண்டாமா, அம்மாவைப் பற்றி அக்கறை இருந்தால் வந்திருப்பாய் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அம்மாவுடைய கண்ணைப் பற்றி நாக்கு நுனி வரை வந்தது. அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள். திரையில் அண்ணன் தலை குனிந்திருந்தான். மறுநாள் அவனுக்குக் காலை ஷிஃப்ட்.

ஈஸ்டருக்கு முன்னால் அம்மாவின் வட்டம் முழுதாக மூடிக்கொண்டது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமை போனாள். மலர் கையைப் பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைப்பாள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல், திரைக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லாத் தெரியுறே. இன்னிக்கு பளிச்சுன்னு இருக்குது" என்பாள். நாகேஷ் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அங்கே ஒருவன் ஒரு மணி நேரம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பான். இங்கே பார்க்க யாரும் இல்லை.

ஒப்பந்தம் முடிந்து, அந்த வருஷக் கடைசியில் தாஸ் வந்தான். மர்பி டவுன் வாசலில் ஆட்டோ நின்றது. அம்மா சத்தம் கேட்டு வெளியே வந்து, கதவு நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, அவன் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளிப் பார்த்துச் சிரித்தாள். தாஸ் கையிலிருந்த பெட்டி அப்படியே கீழே விழுந்தது. அவன் மலரைத்தான் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மத்தியானம் அம்மா படுத்த பிறகு, சமையலறையில் மெல்லிய குரலில் பேசினார்கள்.

"எப்பத்துலேர்ந்து?"

"போன வருஷம் ஜூன்லயே டாக்டரு சொல்லிட்டாரு. அம்மாதான் சொல்லக் கூடாதுன்னாங்க. நீ ஷிஃப்டுக்குப் போறவன்னு." மலர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ கிறிஸ்மஸுக்கு வந்துடுவேன்னு நினைச்சோம். அப்ப கொஞ்சம் பார்வை இருந்துச்சு அண்ணா. கிட்ட வந்தா நல்லாவே பாத்திருப்பாங்க. லீவு குடுக்கலன்னுட்டே."

தாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "லீவு குடுத்தான். டிக்கெட்டுக்குத்தான் காசு இல்ல."

"காசு இல்லையா? சேத்து வச்சிருக்கேன்னு சொன்னியே?"

"வச்சிருந்தேன். அந்த இன்டர்நெட்டு, நாங்க தங்கியிருந்த கேம்பு காண்டிராக்டரோடது மலரு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் கூலி. வாரா வாரம் போச்சு."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"கம்பெனி குடுக்குதுன்னு சொன்னியே!"

"விலை சொல்லியிருந்தா அம்மா பேசவே வந்திருக்காது. அதான். அப்புறம் நீ ஒரு மணி நேரம் உக்காருன்னே. அம்மா ஏதோ ஏங்கிக் கெடக்குதுன்னு நினைச்சேன். கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடன் வாங்கியாவது ஓடி வந்திருப்பேனே."

யாரோ ஒருத்தர் கொடுத்துக்கொண்டிருக்கிறார், யாரென்று கேளுங்கள் என்று முதலாளி சொன்னது மலர் காதில் கேட்டது. அன்றைக்கே கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் உண்மை வந்திருக்கும். பத்து நிமிஷமே போதும் என்று அவளே சொல்லியிருப்பாள். டிக்கெட் காசு டிக்கெட்டாகவே இருந்திருக்கும். அம்மா டிசம்பரில் மகன் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்திருப்பாள். வீம்பு, வெறும் வீம்பு. தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் அம்மா தாஸைப் பக்கத்தில் உட்கார வைத்து முகத்தைத் தடவினாள். நெற்றி, புருவம், மூக்கு, மோவாயில் புதிதாக வந்திருந்த தழும்பு. கை திரும்பத் திரும்பப் போய் வந்தது. "எலும்பா போயிட்டியேடா" என்றாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. சின்ன வயசுல கோவில்ல மொத நன்மை வாங்குறப்ப உன் மூஞ்சி எப்டி இருந்துச்சு, வேலைக்கு மொத நாளு போறப்ப எப்டி இருந்துச்சுன்னு நினைச்சு நினைச்சுப் பாக்குறேன். வரவே மாட்டேங்குது. அந்தப் பொட்டியில பாத்ததுதான் வருது. கட்டம் கட்டமா."

தாஸ் அவள் கையை எடுத்து மறுபடியும் தன் கன்னத்தில் வைத்தான்.

"அத்தனை நேரம் பாத்தேன் இல்ல, அதான் அழுத்தமா பதிஞ்சு போச்சு" என்றாள் அம்மா, அவனைச் சமாதானப்படுத்துகிறவளைப் போல. "பரவாயில்ல. அதையாவது ஆசை தீரப் பாத்தேன். கம்பெனி புண்ணியத்துல ஒரு பைசா செலவில்லாம."

"ஆமாம்மா" என்றான் தாஸ்.

மலர் எழுந்து வாசலுக்குப் போய் அழுதாள்.